ஊருக்குள் ஓடும் ஆற்றில் வாடகைப் படகு: முதலில் எதிர்நீரில்

வாடகைக்குக் கயாக் (ஓரிருவர் உட்கார்ந்து துடுப்பால் வலிக்கும் குறுகிய படகு) எடுக்கிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, எடுத்த எடுப்பில் ஓட்டத்தோடு போவதுதான். சும்மா உட்கார்ந்திருந்தாலே பாலங்கள் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் கழியும், சுகமாக இருக்கும். திரும்பும்போதுதான் கணக்கு புரியும். நிற்கும் நீரில் நீங்கள் மணிக்கு 5 கி.மீ. வலிப்பதாகவும், நீரோட்டம் மணிக்கு 2 கி.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 7 கி.மீ. இறங்கிவிடுவீர்கள், அதையே எதிரே வலித்து ஏற 2 மணி 20 நிமிடம் ஆகும். மாறாக, முதல் ஒரு மணி நேரத்தை எதிர்நீரில் செலவழித்தால் 3 கி.மீ.தான் ஏறுவீர்கள், ஆனால் கை ஓய்ந்த பிறகு 26 நிமிடத்தில் படகுத்துறைக்கு வந்துவிடலாம்.

எதிரே ஏறும்போது நடு ஆற்றைத் தவிர்த்துக் கரையோரமாகப் போங்கள், ஓட்டம் தணிந்திருக்கும். வளைவுகளில் உள்பக்கம் இன்னும் தணிவு. பாலத் தூணுக்குக் கீழ்ப்புறம் நீர் திரும்பிச் சுழன்று மேல்நோக்கி வரும். ஓட்டம் மிதமாக இருந்தால் அங்கே மூச்சு வாங்கிக்கொள்ளலாம். மேல்புறத்தை மட்டும் நெருங்கவே கூடாது. மரக்கிளையும் கயிறும் குப்பையும் அங்கேதான் சிக்கிக் கிடக்கும். அதற்குள் புகுந்து நீர் போய்விடும், ஆள் போக முடியாது. ஓட்டம் படகைக் குறுக்காகத் தூணில் சாத்திவிட்டால், உடம்பு தன்னால் தூணைவிட்டு விலகிச் சாயும். கவிழ்வது அதனால்தான்: மேல்நீர்ப் பக்க விளிம்பு தாழ்ந்து, நீர் அதன் மேல் ஏறிப் படகைப் புரட்டிவிடும். பயமாக இருந்தாலும் தூணைக் கட்டிப்பிடிப்பதுபோல அதன் பக்கமே சாயுங்கள்.

தடுப்பணை இதைவிட மோசம். மேலிருந்து வருகிறவருக்கு அது அணையாகவே தெரியாது. ஆறு ஒரு நேர்கோட்டில் முடிந்துபோன மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அரை ஆள் உயரமே இருந்தாலும், கீழே விழும் நீர் திரும்ப அணையை நோக்கியே உருண்டு வரும். விழுந்தவர் லைஃப் ஜாக்கெட்டோடும் அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பார். ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டியது மேலே, கீழே எத்தனை தூரத்தில் அணை என்பது. கீழ்ப்புறத்திலிருந்து அதன் அடிக்குப் போய் வேடிக்கை பார்ப்பதும் அதே அளவு ஆபத்து.

கிராமத்து ஆற்றில் எங்கே வேண்டுமானாலும் கரையேறலாம். ஊருக்குள் இருபக்கமும் செங்குத்துக் கரைச்சுவர். பெரிய படகு எழுப்பும் அலை அதில் மோதித் திரும்பி வந்து, அடுத்த அலையோடு சேர்ந்து தாறுமாறாகக் குதிக்கும். அலை வருவது தெரிந்தால் சுவரைவிட்டு விலகி, படகின் மூக்கை அலைக்குச் சற்றுச் சாய்வாகத் திருப்பி, வலித்துக்கொண்டே இருங்கள். துடுப்பு நீரில் இருக்கும்வரை அது மூன்றாவது கால் மாதிரி. படிகளும் ஏணிகளும் எங்கே இருக்கின்றன என்பதைக் கிளம்பும் முன்பே போன் வரைபடத்தில் குறித்துவிடுங்கள். சரக்குப் படகு வந்தால் வழிவிட வேண்டியது நீங்கள்தான். அதன் மூக்குக்கு முன்னால் வெகுதூரம் ஓட்டுநர் கண்ணுக்கே படாது, நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது.

பல பழைய நகரங்களில் மழைநீருக்கும் சாக்கடைக்கும் ஒரே குழாய்தான். பெருமழையில் அது நிரம்பி நேரே ஆற்றில் கொட்டும். மழை விட்டு இரண்டு நாளாவது பொறுத்துப் போவது நல்லது.

இனி கருவிகள். லைஃப் ஜாக்கெட்டின் பட்டைகளை இறுக்கிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து யாரையாவது மேலே தூக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் அது உங்கள் அளவல்ல. துடுப்பின் குழிந்த முகம் உங்களைப் பார்த்திருக்க வேண்டும். மேலே உட்காரும் வகைக் கயாக்கில் பின்பக்கம் ஒரு தக்கை இருக்கும். அதைத் திருகி மூடாமல் தண்ணீரில் இறக்கினால் அரை மணி நேரத்தில் படகு ஏன் இத்தனை கனக்கிறது என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். கால்மிதியை முழங்கால் லேசாக மடங்கும் அளவுக்குத் தள்ளி வையுங்கள், இல்லையென்றால் தோள் மட்டுமே உழைக்கும். இருவர் கயாக்கில் கனமானவர் பின்னால். முன்னால் இருப்பவர் தாளத்தைப் பிடிக்க வேண்டும், பின்னால் இருப்பவர் அதைப் பின்பற்ற வேண்டும். சண்டை வருவது இதில்தான்.

ஏழெட்டுப் பேர் என்றால் பான்டூன் படகு. இரண்டு அலுமினிய உருளைகள், மேலே ஒரு தட்டையான தளம், பின்னால் மோட்டார். கவிழ்வது அரிது, ஆனால் காற்றுக்கு அது பாய்மரம் மாதிரி. மோட்டாரை ஓட விட்டதும் அதன் பக்கவாட்டுத் துளையிலிருந்து ஒரு மெல்லிய நீர்த்தாரை பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். நின்றுபோனால் குளிர்விக்கும் நீர் போகவில்லை என்று பொருள், உடனே அணையுங்கள். பெரும்பாலும் பாசியோ பாலித்தீன் பையோ அடைத்திருக்கும். முன்கம்பிக்கு வெளியே காலைத் தொங்கவிட்டு யாரும் உட்காரக் கூடாது. படகு சட்டென்று வேகம் குறைந்தால் விழுவது இரண்டு உருளைகளுக்கும் நடுவே, அதற்கு நேர் பின்னால் மோட்டாரின் விசிறி. நங்கூரத்தைப் பின்பக்கம் கட்டாதீர்கள்: மோட்டாரின் எடையில் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் பகுதியை ஓட்டம் இன்னும் அமுக்கித் தளத்தில் நீரேற்றும்.

இரண்டு படகையும் ஓட்டத்தை எதிர்த்தே துறையில் அணையுங்கள், ஆறே பிரேக் போடும். ஆற்றில் கவிழாதவர்கள்கூடக் கயாக்கிலிருந்து இறங்கும்போது விழுவார்கள். படகைத் துறைக்கு இணையாக ஒட்டி நிறுத்தி, துடுப்பை முதலில் மேலே வைத்துவிட்டு, இரண்டு கையையும் பலகையில் ஊன்றிப் பிட்டத்தை நகர்த்தி மேலே உட்காருங்கள். கால்களைக் கடைசியில் எடுங்கள்.