47 நாள் கெடு: வெர்மான்ட் டவுன் மீட்டிங்கில் ஒரு தீர்மானத்தை ஏற்றிய கதை

எங்கள் ஊர் நூலகம் குளிர்காலச் சனிக்கிழமைகளிலும் திறந்திருக்க வேண்டும், அதற்கு வருடத்துக்கு 3,500 டாலர் ஆகும். கேட்டது இவ்வளவுதான். இதை ஊர்க்கூட்டத்தில் ஓட்டுக்குக் கொண்டுவருவதற்குள் இலையுதிர் காலம் போய், பனி கொட்டி, பாதி பனி உருகியும் விட்டது. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தின் சின்ன ஊர்களில் இருப்பவர்கள் யாராவது இதே வழியில் போக நினைத்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன். கொஞ்சம் எரிச்சலும் சேர்ந்தே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டவுன் மீட்டிங் தெரிந்ததுதான்: மார்ச் முதல் செவ்வாய், பள்ளி ஜிம், ஊர் பட்ஜெட்டை ஊர்க்காரர்களே உட்கார்ந்து ஓட்டுப் போட்டு முடிவு செய்வது. புதுச் செலவு ஒன்று அங்கே வர வேண்டுமென்றால் செலக்ட்போர்டு, அதாவது ஊர் நிர்வாகக் குழு, தானாக அதை நிகழ்ச்சிநிரலில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் ஊர் வாக்காளர்களில் 5 சதவீதம் பேரின் கையெழுத்தோடு மனு கொடுக்க வேண்டும், அதுவும் கூட்டத்துக்கு 47 நாள் முன்பே. செலக்ட்போர்டு ஆரம்பத்திலேயே கையை விரித்துவிட்டது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2023 ஜூலையில் ஒரு வெள்ளம், 2024 ஜூலையில் கிட்டத்தட்ட அதே தேதியில் இன்னொரு வெள்ளம், மண்சாலைகளும் சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் பாலக்குழாய்களும் அடித்துக்கொண்டு போய், மத்திய அரசின் பேரிடர் நிதி எப்போது வரும் என்று ஊர் ஊராகக் காத்துக் கிடந்த நேரம். போதாக்குறைக்கு 2024-ல் பள்ளிக்கான சொத்துவரி மாநில அளவில் சராசரியாக 14 சதவீதத்தை ஒட்டி ஏறியிருந்தது. சரி, மனுதான் வழி.

வாக்காளராகப் பதிவு செய்வது சிரமமே இல்லை. குடியுரிமை வந்ததும் ஆன்லைனில் முடித்தேன். யாருக்கும் பயப்படாமல், யாருக்கும் சாயாமல், மனசாட்சிப்படி ஓட்டுப் போடுவேன் என்று ஓர் உறுதிமொழி எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம்தான் டவுன் அலுவலகம்.

எங்கள் ஊரில் அது வாரத்தில் சில நாட்கள்தான் திறந்திருக்கும், அதிலும் மதியச் சாப்பாட்டுக்கு மூடிவிடுவார்கள். நான் போன நேரமெல்லாம் ஊர் ஆவணங்களையும் தேர்தலையும் கவனிக்கும் அதிகாரியான கிளர்க் இல்லை, உதவியாளர்தான் இருந்தார். மனுவுக்கு மாதிரி கேட்டேன், பழைய தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதில் உள்ளபடியே எழுதி, இருபது பேருக்கு மேல் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்க் காட்டினால், "தொகை எங்கே? எவ்வளவு டாலர் என்று வாசகத்திலேயே இருந்தால்தான் செல்லும்" என்கிறார். நீங்கள் கொடுத்த மாதிரியில் தொகை இல்லையே என்றேன். ரேஷன் கடையில் சர்க்கரை ஸ்டாக் இல்லை என்று சொல்லும்போது ஒரு முகம் வைத்துக்கொள்வார்களே, அதே முகம். அத்தனை தாளும் குப்பைக்குப் போயிற்று. கையெழுத்து வாங்கும் ஒவ்வொரு தாளிலும் தீர்மானத்தின் முழு வாசகமும் இருக்க வேண்டும், அதனால் மேலே பேனாவால் சேர்த்து எழுதிச் சமாளிக்க முடியாது.

முதல் கையெழுத்துக்கு முன்பே வாசகத்தைக் கிளர்க்கிடம் மின்னஞ்சலில் அனுப்பி, "சரி" என்ற பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.

அடுத்தது வாக்காளர் பட்டியல். இங்கே செக்லிஸ்ட் என்பார்கள், பொது ஆவணம்தான், யார் கேட்டாலும் பார்க்கலாம். நான் பிரதி கேட்டேன். பிரிண்டர் வேலை செய்யவில்லை, வியாழக்கிழமை வாங்க என்றார். வியாழக்கிழமை பனிப்புயல், அலுவலகம் மூடல். கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. பட்டியல் கைக்கு வராமலே கையெழுத்து வேட்டை தொடங்கியது.

எங்கள் பட்டியலில் சுமார் 1,100 பேர், 56 கையெழுத்து வேண்டும். பலசரக்குக் கடை வாசலிலும் சர்ச் விருந்திலும் நின்று 62 வாங்கினேன். 2025 ஜனவரி 16 வியாழன் கடைசி நாள், அன்று கொடுத்தாயிற்று. மறுநாள் வெள்ளி மதியம் மூன்று மணிக்கு மனு திரும்பி வந்தது. பதினொரு பேர் பட்டியலில் இல்லையாம்! பனிச்சறுக்குக்காக வீடு வாங்கிப்போட்டு வாக்காளர் பதிவை மட்டும் கனெக்டிகட் மாநிலத்தில் வைத்திருக்கும் தம்பதி, பக்கத்து ஊரில் பதிவு செய்த வாடகைக்காரர்கள், "நான் இங்கேயே பிறந்தவன்" என்று மார்தட்டிவிட்டு எங்குமே பதிவு செய்யாத ஒருவர், மனைவிக்கும் சேர்த்துத் தானே கையெழுத்துப் போட்ட ஒரு புண்ணியவான். ஐந்து குறைகிறது.

இங்கே ஒரு சட்ட விவரம், தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். கெடுவுக்குள் கொடுத்த மனுவில் தேவையான எண்ணிக்கைக்குக் கையெழுத்து இருந்து, அதில் சில செல்லாமல் போனால், திருப்பிக் கொடுத்த நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் கூடுதல் கையெழுத்துகளைச் சேர்த்துத் தரலாம். முதலிலேயே எண்ணிக்கை குறைவாகக் கொடுத்திருந்தால் இந்தச் சலுகை கிடையாது. 62 வாங்கி வைத்தது அன்றைக்குக் காப்பாற்றியது. நீங்கள் தேவையைவிட முப்பது சதவீதமாவது கூடுதலாக வாங்குங்கள்.

ஆனால் 48 மணி நேரம் என்றால் ஞாயிறு மதியம் மூன்று மணி. உதவியாளரோ, "சனி ஞாயிறு லீவு, திங்கள் மார்ட்டின் லூதர் கிங் நாள், செவ்வாய்க்கிழமை கொண்டுவாங்க, ஒன்றும் ஆகாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அதை எழுதிக் கொடுங்கள் என்றேன். சிரிப்பு நின்றது, எழுதித் தரவில்லை. வண்டியில் உட்கார்ந்தபடியே மாநிலத் தலைநகர் மாண்ட்பீலியரில் உள்ள மாநிலச் செயலர் அலுவலகத்தின் தேர்தல் பிரிவுக்குப் போன் போட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்தார்கள், பொறுமையாகக் கேட்டார்கள், 48 என்றால் 48தான் என்றார்கள். செவ்வாய்க்கிழமை போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

சனிக்கிழமை காலை ஊர்க் குப்பைக் கிடங்கு. இந்தப் பக்கத்துச் சின்ன ஊர்களில் குப்பை வண்டி வீட்டுக்கு வராது, எல்லோரும் சனிக்கிழமை டம்ப்புக்குத்தான் வர வேண்டும், அதனால் அரசியல், வம்பு, மேப்பிள் சிரப் வியாபாரம் எல்லாம் அங்கேதான். பேனாக்களை உள்சட்டைப் பையில் வையுங்கள், அந்தக் குளிரில் மை இறங்காது. எந்த வண்டியில் டிரம்ப் கொடி, எதில் இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸின் ஸ்டிக்கர் என்று பார்த்து ஆள் பிடிக்காதீர்கள். 2024-ல் கமலா ஹாரிஸுக்கு 60 சதவீதத்துக்கு மேல் போட்ட மாநிலம், அதே வாக்குச்சீட்டில் ரிபப்ளிகன் கவர்னர் ஃபில் ஸ்காட்டுக்கு 70 சதவீதத்துக்கு மேல் போட்டது. இவர்களைப் பெட்டியில் அடைக்க முடியாது. நான் கேட்ட ஒரே கேள்வி, "போன நவம்பரில் இந்த ஊரில் ஓட்டுப் போட்டீர்களா?" ஆமாம் என்றவர்களிடம் மட்டும் பலகையை நீட்டினேன். பதினைந்து பேருக்கு மேல் தேறியது.

யாரிடம் கொடுப்பது? ஊர் ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கத்தில் கிளர்க்கின் வீட்டு எண் இருந்தது. தயங்கித் தயங்கிப் போன் செய்தேன். அவருக்கு நடந்தது எதுவுமே தெரியாது. "ஞாயிறு சர்ச்சில் பான்கேக் காலைச் சாப்பாடு, அங்கே கொண்டுவா" என்றார். மாவு ஒட்டிய கையைத் துடைத்துவிட்டு, சமையலறை மேடையில் வைத்து, பெற்றுக்கொண்ட நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளின் போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது.

மார்ச் 4 கூட்டம். சாலைப் பராமரிப்புக்கே காலை முழுவதும் போயிற்று, பாலக்குழாயின் விட்டத்தைப் பற்றி அவ்வளவு பேச முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் விற்ற சில்லி சூப்பைக் குடித்துவிட்டுப் பலர் கிளம்ப ஆரம்பித்தார்கள். மனுவாக வரும் தீர்மானங்கள் பெரும்பாலும் கடைசியில்தான் வரும், உங்கள் ஆட்களை வீட்டுக்கு விடாதீர்கள். இன்னொன்று: நூலகர் பக்கத்து ஊர்க்காரர். இந்த ஊரில் ஓட்டு இல்லாதவர் பேச வேண்டுமானால் கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் அனுமதிக்க வேண்டும். அதைக் கேட்க முன்கூட்டியே ஒருவரைத் தயார் செய்திருந்ததால் கை தூக்கி அனுமதித்துவிட்டார்கள்.

வெட்டு வந்தது நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து. நூலகத்துக்கு வாராவாரம் வருகிற, என் மனுவில் கையெழுத்தும் போட்ட பெண்மணி எழுந்து, தொகையை 1,000 டாலராகக் குறைக்கத் திருத்தம் கொண்டுவந்தார். வரி தாங்கவில்லை என்றார், அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. குரல் வாக்கெடுப்பில், கூட்டத்தை நடத்தும் மாடரேட்டருக்கே எந்தப் பக்கம் அதிகம் என்று புரியவில்லை. கை எண்ணினார்கள். திருத்தம் ஒற்றை இலக்க வித்தியாசத்தில் தோற்றது. அசல் தீர்மானம் அதன்பின் சுலபமாகவே தேறியது.

பணம் 2025 ஜூலை 1-ல் தொடங்கிய நிதியாண்டுக்கானது. ஆனால் இது ஒரு வருடத்துக்கு மட்டும்தான், அடுத்த வருடத்துக்கு மறுபடி கேட்க வேண்டும். இலையுதிர் காலத்தில் செலக்ட்போர்டு பட்ஜெட் போட உட்காரும்போதே நூலக அறங்காவலர்கள் வழியாகக் கேட்டால் மனு இல்லாமலே சேர்க்க யோசிக்கிறோம் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். எழுதித் தரச் சொல்லி அன்றிரவே மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன்.