முதல் டிஜே புக்கிங்: பாட்டு ஓடியது, குரல் வரவில்லை

ரிசப்ஷனுக்கு டிஜே புக்கிங் வந்தால் முதல் வேலையாகச் சவுண்ட் சர்வீஸ்காரரின் போன் நம்பரை வாங்கிவிடுங்கள். எந்தப் பாட்டில் தொடங்குவது, எதற்குப் பிறகு எது என்பதெல்லாம் அப்புறம். நான் அந்த நம்பரை ஏற்பாட்டாளரிடம் கேட்காத நாளில்லை. "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோங்க, நீங்க லேப்டாப்போட வந்தாப் போதும்" என்பதுதான் ஒரே பதில். பொள்ளாச்சி ரோட்டில் இருந்த அந்த மண்டபத்தில் நான் பட்ட அவதி அத்தனையும் அந்தப் பதிலில் இருந்து கிளைத்ததுதான். இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

என்னிடம் இருப்பது பயனியர் டிடிஜே-400, லேப்டாப்போடு இணைத்துப் பாட்டுகளைக் கலக்கும் கண்ட்ரோலர். வெளியே சத்தம் அனுப்ப அதில் ஆர்சிஏ மட்டும்தான் உண்டு, சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு. மைக் ஒயரில் வரும் மூன்று கம்பிக் கேனன் (எக்ஸ்எல்ஆர்) பின் செருக இடமே கிடையாது. இதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் ஏற்பாட்டாளருக்கு அனுப்பியிருந்தேன். சவுண்ட்காரருக்கு அது போய்ச் சேரவே இல்லை. சாயங்காலம் நான் போய் நின்றபோது அவர் கையில் இருந்தது மொபைலில் பாட்டுப் போடும் ஸ்டீரியோ ஒயர் ஒன்றுதான்.

"யாரு பாப்பா, டிஜே நீதானா? இதைக் குத்து, பாடும்" என்றார். கண்ட்ரோலரின் ஹெட்போன் ஓட்டையில் ஒரு முனை, பெரிய ஸ்டீரியோ பின் மாட்டிய மறுமுனை மிக்சரின் ஒரே சேனலில். ஹெட்போன் ஓட்டையைக் கொடுத்துவிட்டால் அடுத்த பாட்டைக் காதில் கேட்டுப் பொருத்தவே முடியாது. சரி, சும்மா சோதித்துப் பார்ப்போம் என்று போட்டேன். வயலின் கேட்கிறது, ஓரத்துத் தாளங்கள் கேட்கின்றன. பாடகர் குரலைக் காணோம். பாஸும் இல்லை. அடுத்த பாட்டும் அப்படியே.

"பாட்டுலதான் கோளாறு, நெட்டுல எறக்கினதா?" என்று கேட்டார். அத்தனையும் காசு கொடுத்து வாங்கிய 320 கேபிபிஎஸ் எம்பி3. மேடைக்குக் கீழே பெண்ணின் சித்தப்பா வேறு வந்து, "என்னம்மணி, ஒரு பாட்டுக்கூட ஒழுங்கா வரலையே" என்றார். நெஞ்சு படபடத்தது.

காரணம் பாட்டில் இல்லை, அந்தப் பின்னில்தான். மிக்சரின் அந்த ஓட்டை பேலன்ஸ்டு வகை. பின்னின் நுனியில் வருவதையும் வளையத்தில் வருவதையும் எதிரெதிராக எடுத்துக்கொண்டு, இரண்டிலும் பொதுவாக இருப்பதை இரைச்சல் என்று கழித்துவிடும். நீளமான மைக் ஒயருக்கு இது பெரிய உதவி. ஸ்டீரியோ பாட்டில் நுனிக்கு இடது பக்கமும் வளையத்துக்கு வலது பக்கமும் போகின்றன. குரலும் பாஸும் வழக்கமாக இரண்டு பக்கமும் ஒரே அளவில் பதிவாகியிருக்கும். அதனால் இரண்டும் கழிந்து காணாமல் போகின்றன.

என் பையில் ஆர்சிஏ-வில் இருந்து இரண்டு பி-38 பின்னுக்கு (பெரிய மோனோ பின்) போகும் ஒயர் இருந்தது. "ஏனுங்கண்ணா, எனக்கு ரெண்டு சேனல் குடுங்க, ஒண்ணை முழுசா இடது பக்கம், ஒண்ணை முழுசா வலது பக்கம் திருப்புங்க" என்று கேட்டேன். முதலில் முகம் சுளித்தார். நாதஸ்வரக்காரர்களின் மைக் ஒன்றைக் கழற்றிவிட்டு இடம் கொடுத்தார். குரல் வந்தது, பாஸ் தரையில் அதிர்ந்தது. அதற்குப் பிறகு அந்த மனுஷர் எனக்குச் செய்த உதவி கொஞ்சமல்ல. அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவருக்கு யாருமே எதையும் சொல்லவில்லை.

ஆகவே ஆர்சிஏ - பி-38 ஒயர் ஒன்று, ஆர்சிஏ - கேனன் ஒயர் ஒன்று, இரண்டையும் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மிக்சர் மேடையில் இருந்து தூரமாக இருந்தால் டிஐ பாக்ஸ் (சிக்னலை பேலன்ஸ்டாக மாற்றித் தரும் சின்னப் பெட்டி) கேளுங்கள், ஆர்சிஏ ஒயரை நீளமாக இழுத்தால் ஹம் என்கிற 'ம்ம்' இரைச்சல் வரும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் ஹம் நின்றால் கோளாறு கரண்ட் பக்கம். மிக்சருக்குப் போகும் அதே போர்டில் இருந்து உங்களுக்கும் லைன் கேளுங்கள்.

இது முடிந்து மூச்சு விடுவதற்குள் மண்டப மேனேஜர் வந்தார். மியூசிக் லைசென்ஸ் பேப்பர் எங்கே, இல்லையென்றால் பாட்டுப் போட விடமாட்டேன் என்றார். புக்கிங் சமயத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நல்லவேளையாக இதைப் பற்றி முன்பே படித்து, பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52(1)(இசட்ஏ): மதச் சடங்குகளின்போது பாட்டு ஒலிபரப்புவது பதிப்புரிமை மீறல் ஆகாது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தோடு சேர்ந்த மற்றக் கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசின் தொழில் துறையும் இதைச் சுட்டிக்காட்டி ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டது. மேனேஜர் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். "அப்பச் செரி, ஆனா பத்து மணிக்கு மேல ஒரு சத்தம் இருக்கக்கூடாது அம்மணி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். இந்த விலக்கு கல்யாணத்துக்குத்தான். ஹோட்டல் பார்ட்டி, நியூ இயர் நிகழ்ச்சிக்கெல்லாம் பாட்டு உரிமையாளர்கள் சார்பில் உரிமம் தரும் பிபிஎல், ஐபிஆர்எஸ் போன்ற அமைப்புகளிடம் உரிமம் வாங்க வேண்டும். அது நிகழ்ச்சி நடத்துகிறவர் பொறுப்பு என்று புக்கிங்கின்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பத்து மணிக் கணக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இருந்து வருவது: இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. மூடிய அரங்குகளுக்கு உள்ளளவில் விலக்கு உண்டு. ஆனால் பக்கவாட்டில் திறந்து கிடக்கும் மண்டபத்தில் அதைச் சொல்லி வாதாட முடியாது. ரிசப்ஷனில் போட்டோ வரிசை முடியாமல் யாரும் ஆட வரமாட்டார்கள், அந்த வரிசை ஒன்பதுக்கு முன் முடிவதில்லை. கடைசிக்கென்று எடுத்து வைத்த பாட்டுகளை ஒன்பதே காலுக்கே தொடங்கிவிட்டேன். அதனால்தான் தப்பித்தேன்.

பாட்டுத் தயாரிப்பில் எனக்கு அதிக நேரம் பிடித்தது ஒரே விஷயம், அதைப் பற்றித் தமிழில் யாரும் பேசக் காணோம். நம் குத்துப் பாட்டுகளில் பெரும்பாலானவை திஸ்ர நடை, ஓர் அடிக்குள் மூன்று தட்டு. ஹவுஸ் மாதிரியான மேற்கத்திய நடன இசையும் புதிய சினிமாப் பாட்டுகளில் பலவும் சதுஸ்ரம், ஓர் அடிக்குள் நான்கு தட்டு. டிஜே-க்கள் பாட்டுகளைத் தயார் செய்யும் ரெகார்ட்பாக்ஸ் மென்பொருள் சதுஸ்ரத்தை எதிர்பார்த்தே அடிகளை எண்ணுகிறது. திஸ்ரப் பாட்டைக் கொடுத்தால் பல சமயம் வேகத்தை ஒன்றரை மடங்காகவோ மூன்றில் இரண்டு பங்காகவோ காட்டுகிறது. அதை நம்பி, இரண்டு பாட்டின் வேகத்தையும் தானாகப் பொருத்தும் சிங்க் பட்டனை அழுத்தினால் இரண்டு பாட்டும் ஒன்றோடொன்று மோதும். நான் ஒவ்வொரு பாட்டையும் கேட்டு, கையால் தட்டி வேகத்தைப் பதிந்து, பீட்கிரிட்டை (அடிகள் விழும் இடங்களைக் காட்டும் கோடுகள்) நானே வைத்தேன். திஸ்ரப் பாட்டுகளுக்குத் தனிப் பட்டியல். ஒரு நடையில் இருந்து மற்றதற்குப் போகும்போது ஒன்றின்மேல் ஒன்றைப் போட்டுக் கலக்கக்கூடாது. உருமியோ பறையோ தனியாக அடிக்கும் இடத்திலோ, எல்லோரும் கத்தும் ஒரு நிறுத்தத்திலோ வெட்டிவிட்டு அடுத்ததைப் புதிதாக எடுக்க வேண்டும். எண்பதுகளின் பாட்டுகளில் இன்னொரு கஷ்டம். வாத்தியக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்து வாசித்தவை என்பதால் வேகம் லேசாக ஏறி இறங்கும். ரெகார்ட்பாக்ஸின் பகுப்பாய்வில், மாறும் வேகத்தைப் பின்தொடரும் டைனமிக் முறையைத் தேர்ந்தெடுத்தால் ஓரளவு சரியாகும். அப்படியும் ஒட்டாத பாட்டை முழுதாக ஓடவிடுங்கள். நான் அப்படி ஓடவிட்ட ஒரு பாட்டுக்கு வீல்சேரில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி கை தட்டித் தாளம் போட்டார். அந்த இரவில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அது.

மானிட்டர் பாக்ஸ் (டிஜே கேட்பதற்காகப் பக்கத்தில் வைக்கும் ஸ்பீக்கர்) தருவதாகச் சொல்லித் தரவில்லை. மெயின் பாக்ஸ் 30 மீட்டர் தள்ளி இருந்தால் சத்தம் நம் காதுக்கு வர ஏறக்குறைய 90 மில்லி விநாடி ஆகும். நிமிடத்துக்கு 120 அடி வேகப் பாட்டில் ஓர் அடியே 500 மில்லி விநாடிதான். மண்டபத்தில் கேட்பதை வைத்துப் பொருத்தினால் நிச்சயம் தவறும். இரண்டு பாட்டையும் ஹெட்போனிலேயே கேட்டுப் பொருத்துங்கள். நடுவில் கரண்ட் போனது. என் கண்ட்ரோலர் லேப்டாப் பேட்டரியில் ஓடுவதால் பாட்டு நிற்கவில்லை, பாக்ஸ்தான் ஊமையானது. ஜெனரேட்டர் வருவதற்குள் மாஸ்டரை (மொத்தச் சத்தத்தின் குமிழ்) முழுக்க இறக்கிவிட்டு, பிறகு மெதுவாக ஏற்றினேன்.

இரண்டாவது நிகழ்ச்சி சென்னையில் ஒரு ஹோட்டல் பார்ட்டி, ஆரம்ப ஸ்லாட். முந்தின நாளே வந்து கன்சோலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கோயம்புத்தூரில் இருந்து அதற்காகவே ஒரு நாள் முன்னதாக ரயில் ஏறிப் போனால், ஹாலில் வேறு விசேஷம், சாவி தரமுடியாது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். தங்கிய செலவு என் கையைக் கடித்தது. இருப்பது பென்டிரைவில் இருந்து பாட்டை ஓட்டும் சிடிஜே-3000 பிளேயர் என்று உறுதியாகச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் பார்த்தால் 2012-இல் வந்த சிடிஜே-2000 நெக்சஸ்.

புதியவர்கள் இங்கேதான் கவனிக்க வேண்டும். அந்தப் பழைய மாடல் எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவைப் படிக்காது, ஃபேட்32 வேண்டும். தரம் குறையாமல் சுருக்கிய ஃப்ளாக் பாட்டுக் கோப்புகளை ஓட்டாது. ஹாட் க்யூவுக்கு (பாட்டில் குறித்து வைத்த இடத்துக்கு உடனே தாவுவது) மூன்று பட்டன்தான். இரண்டு பிளேயரையும் இணைக்கும் லேன் கேபிள் இல்லையென்றால் ஒரே பென்டிரைவை இரண்டிலும் பகிர முடியாது. அங்கே அந்தக் கேபிளும் இல்லை. யார் என்ன மாடல் சொன்னாலும் பழையதுதான் இருக்கும் என்று எண்ணித் தயாராவது என் வழக்கம். 32 ஜிபி-யில் இரண்டு பென்டிரைவ், இரண்டும் ஃபேட்32, இரண்டிலும் ஒரே எம்பி3 தொகுப்பு, முக்கியமான இடங்களுக்கு மெமரி க்யூ என்ற சேமித்த குறி. பிளேயருக்கு ஒன்றாகச் செருகினேன், வேலை நடந்தது. எனக்கு அடுத்து வந்தவர் ஒரே பென்டிரைவோடு வந்திருந்தார். அவருக்காக வரவேற்பறையில் இருந்து யாரோ ஓடிப்போய் லேன் கேபிள் கழற்றி வரும்வரை எனக்கு இன்னும் இருபது நிமிடம் கூடுதலாகக் கிடைத்தது. அதற்குள்தான் தளத்தில் முதல் ஆட்கள் ஆட இறங்கினார்கள்.

காது அடைப்பான் வாங்குங்கள், இசைக்கலைஞர்கள் போடும் வகை. 85 டெசிபெலில் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றால் 100 டெசிபெலில் கால் மணி நேரம்தான் என்பது அமெரிக்கத் தொழில்நலக் கணக்கு. ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்கிற நமக்கு இது தொழில் செலவு.

பணம்: பாதி அட்வான்ஸ், மீதி முதல் பாட்டுக்கு முன் வாங்கிவிடுங்கள். ரிசப்ஷன் பணத்தைப் பெண்ணின் அப்பா அன்றே கையில் கொடுத்துவிட்டார். ஹோட்டல் பார்ட்டியின் மீதித் தொகை இன்னும் வரவில்லை. இந்த வாரமும் போன் செய்தேன், அக்கவுன்ட்ஸில் இருப்பதாகச் சொல்கிறார்கள். ரயில் டிக்கெட்டும் தங்கிய பில்லும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.