மலையில் கைவைக்காதே என்று ஓர் ஆணை

சீனாவில் ஹூபே மாகாணத்து வூதாங் மலையைப் பற்றிச் சில மாதங்களாகத் தேடித் தேடிப் படிக்கிறேன். தாவோ சமயத்தாரின் புனித மலை. உச்சி 1612 மீட்டர், ஏறக்குறைய நம் சேர்வராயன் மலை உயரம். துறவிகள் குகைகளில் ஒதுங்கி வாழ்ந்த அந்த இடத்தைப் பெரிதாக்கியவர் மிங் பேரரசர் யோங்லே.

அவர் அண்ணன் மகனிடமிருந்து 1402இல் ஆட்சியைப் பறித்தவர். வடக்கிலிருந்து படையோடு வந்த தனக்கு, வடதிசைத் தெய்வமான ஜென்வூ துணை நின்றதாகச் சொல்லிக்கொண்டார். அந்தத் தெய்வம் தவம் செய்ததாகச் சொல்லப்படும் மலை வூதாங். 1412இல் வேலை தொடங்கியது, லட்சக்கணக்கானோர் உழைத்தார்கள். உச்சியிலுள்ள பொன் மண்டபத்தின் தூண், உத்தரம், ஓடு எல்லாமே பொன்முலாம் பூசிய வெண்கலம். பெய்ஜிங்கில் துண்டு துண்டாக வார்த்து, ஆற்றில் படகேற்றி, அப்புறம் மலைமேல் கொண்டுபோய் 1416இல் பூட்டினார்கள்.

உச்சியைச் சுற்றி மதில் கட்ட அவர் போட்ட ஆணைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. மலையின் உடம்பில் இம்மியும் கைவைக்கக் கூடாது, மதில் நிலத்தின் போக்கிலேயே போக வேண்டும் என்கிறது அது. கிருஷ்ணகிரி போகும் வழியில் பாதி அறுபட்டு நிற்கும் கரடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆணை ஞாபகம் வருகிறது.

மலை தப்பித்தது. அடிவாரம் தப்பவில்லை. 1958இல் தொடங்கிய தான்ஜியாங்கோ அணையின் நீர்த்தேக்கத்தில் பழைய ஜுன்ஜோ நகரமும் அங்கிருந்த ஜிங்லே கோயிலும் மூழ்கின.

இதைப் படித்த இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன். நான் தருமபுரி மாவட்டத்து ஏரியூர்ப் பக்கத்துக்காரன். நாகமறைப் பரிசல் துறையில் நின்றால், மேட்டூர் அணைத் தண்ணீருக்கு அக்கரையில் பண்ணவாடி. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்ததும் கரையோர ஊர்கள் எத்தனையோ உள்ளே போயின. தண்ணீர் நன்றாக வற்றினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலை தெரியும், பழைய தேவாலயக் கோபுரமும் தெரியும். கதவு நிலையைக்கூடப் பெயர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் மேட்டுக்கு வந்தார்கள் என்று எங்கள் ஆயா சொல்லும். ஊர் பெயரைச் சொல்லும்போது அதன் குரல் மாறிவிடும்.

வூதாங்கில் கதை அதோடு முடியவில்லை. பெய்ஜிங் வரை தண்ணீர் கொண்டுபோக அணையை இன்னும் உயர்த்தினார்கள். இந்த முறை மூழ்க இருந்தது யூஜென் கோயில். ஜாங் சான்ஃபெங் என்ற துறவியை யோங்லே ஆள்விட்டுத் தேடியும் காணக் கிடைக்காமல், அவருக்காகக் கட்டிய கோயில் அது. முதன்மை மண்டபம் 2003இல் தீயில் போய்விட்டது. மிச்சமிருந்த கல் வாயில்களை அப்படியே ஜாக்கி வைத்து 15 மீட்டர் உயர்த்தினார்கள். சுற்றிலும் மண் நிரப்பினார்கள்.

தண்ணீர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகுதான் எங்கள் மாவட்டத்தில் பல ஊர்களுக்கு ஃபுளோரைடு இல்லாத தண்ணீர் கிடைத்தது. ஆனால் ஒரு வாயிலைக் காப்பாற்ற அத்தனை பாடுபட்டிருக்கிறார்கள். நம் பக்கம் மூழ்கிய ஊர்களின் பெயர்களைக்கூட யாரும் ஒழுங்காக எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. நாகமறை, நெருப்பூர்ப் பக்கம் வயசானவர்களிடம் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்தப் பழைய ஊர்களில் இருந்து வந்தவர்கள் என்றால், ஊர் பெயரும் அங்கிருந்த கோயிலின் பெயரும் சொல்லுங்கள்.