வெப் தொலைநோக்கித் தரவும் லோட் ஷெடிங்கும்: ஒரு நிறமாலை எடுத்த கதை

2023-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து சாட்ஸ்வொர்த்தில் ஒரு ஆயா வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். லோட் ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) அட்டவணை பார்த்துத்தான் ஆய்வே நடந்தது. இரண்டு மணி நேரம் கரண்ட் போகும். பாதியில் நின்ற டவுன்லோட் மறுபடி முதலிலிருந்து.

நான் எடுத்துக்கொண்டது விஎச்எஸ் 1256 பி. மங்கலான ஒரு இரட்டை விண்மீனைச் சுற்றும் துணைப்பொருள்; நிறை வியாழனைப்போல் 20 மடங்குக்கும் கீழே. கோளா, பழுப்புக் குறுமீனா (விண்மீனாக எரிய நிறை போதாத பொருள்) என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. சூரியனிலிருந்து புளூட்டோ இருக்கும் தூரத்தைப்போல் சுமார் நான்கு மடங்கு தள்ளி இருப்பதால் தாய் விண்மீன்களின் வெளிச்சம் இதை மூழ்கடிப்பதில்லை. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2022 ஜூலையில் பார்த்த தரவை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர், மீத்தேன், கார்பன் மோனாக்சைடு, சிலிக்கேட் (மணல் வகைக் கனிமம்) மேகம் எல்லாம் அங்கே உண்டு என்று பார்த்த குழுவே சொல்லிவிட்டது. மூலக் கோப்பிலிருந்து தொடங்கி அதே நிறமாலை வளைவை (எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி என்ற வரைபடம்) நானும் எடுக்க வேண்டும், அதுதான் எனக்கு வைத்த பரீட்சை.

வெப்பின் குறுகிய அகச்சிவப்பு அலைகளைப் பார்க்கும் நியர்ஸ்பெக் கருவியின் தரவு சொன்னபடி கேட்டது. 3.3 மைக்ரான் அலைநீளத்தின் பக்கம் மீத்தேன் ஒளியை உறிஞ்சிய பள்ளம், 4.6-ல் கார்பன் மோனாக்சைடு. நீண்ட அகச்சிவப்பு அலைகளைப் பார்க்கும் மிரி கருவியில்தான் மாட்டிக்கொண்டேன். அதன் வளைவு 12 துண்டாக வரும், ஒட்டும் இடமெல்லாம் படிக்கட்டு மாதிரி மேடு பள்ளம் விழும். போதாததற்கு வளைவு முழுக்கச் சீப்புப் பல் மாதிரி ஏற்ற இறக்கம். அவ்வளவு சீராக இருந்ததால் ஏதோ மூலக்கூறு என்று நம்பி, ஒரு வாரம் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். வரைபடத்தைக் காட்டியதும் மேற்பார்வையாளர் சிரித்தார். உணரியின் சிலிக்கானுக்குள் ஒளி முன்னும் பின்னும் எதிரொளித்துப் போடும் குறுக்கீட்டு வரிகளாம். மழை விட்ட ரோட்டில் பெட்ரோல் படலம் வானவில் காட்டுமே, அதே சங்கதி. மூலத் தரவைப் பதப்படுத்தும் பைப்லைன் மென்பொருள் தானாகக் கொஞ்சம் திருத்தும். மிச்சத்தை நீக்கும் கட்டத்தை நாம்தான் கேட்டு ஓடவிட வேண்டும். நான் கேட்கவில்லை.

ஓடவிட்டதும் பல்லெல்லாம் படுத்துவிட்டது. 10 மைக்ரான் பக்கம் அகலமான ஒரு பள்ளம் மட்டும் நின்றது: சிலிக்கேட். ஆடிப்பாடி முடிக்கும் முன்னே அளவுத்திருத்தக் கோப்புகள் புதுப்பிக்கப்பட்டு வளைவு லேசாக நகர்ந்தது. எந்தப் பதிப்பில் ஓட்டினேன் என்று குறித்து வைக்காததால் என் பழைய படத்தை என்னாலேயே திரும்ப எடுக்க முடியவில்லை. இப்போது கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண்ணைப் போட்டுவிடுகிறேன்.

ஜூன் மாத இரவொன்றில் கரண்ட் போனதும் முற்றத்துக்கு வந்தேன். ஆயா முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வடக்கே உயரத்தில் சித்திரை நட்சத்திரம். கையை நீட்டி, “அதுலேர்ந்து ஒரு முட்டி அகலம்கூட இல்லை ஆயா, அங்கதான். கண்ணுக்குத் தெரியாது. அங்க மேகமே மணல்தான்” என்றேன்.

“பீச் மணலா தம்பி?”

“அவ்வளவு பெருசு இல்லை ஆயா. நிறைய புகை மாதிரி பொடி.”

“அப்ப துணி காயப்போட முடியாது” என்றார்.

லைட் வந்தது. ஒன்பதாவது துண்டை மறுபடி ஓட்ட மாடி ஏறினேன்.