பில்டை நிறுத்தும் உரிமை எந்தக் குறைக்கு உண்டு?

எங்கள் மூல நிரலில் பாதுகாப்புக் குறைகள் உள்ளனவா என்று ஒவ்வொரு பில்டின்போதும் (நிரலை இயங்கத்தக்க வடிவாகத் தொகுக்கும்போதும்) தானாகவே சோதிக்க வேண்டும்; ஆனால் அந்தச் சோதனைக்காக நிரல் எங்கள் சர்வர்களை விட்டு வெளியே போகக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேற, கிட்லேப் என்ற நிரல் மேலாண்மைத் தளத்தின் பைப்லைனில் (வரிசையாகத் தானே ஓடும் வேலைகளில்), ரகசியங்களைத் தேடும் கிட்லீக்ஸ், எங்கள் நிரலை ஆராயும் செம்கிரெப், பிறர் எழுதிய நூலகங்களை (ஆயத்த நிரல் தொகுப்புகளை) சோதிக்கும் ட்ரிவி ஆகிய மூன்று கட்டற்ற கருவிகளை எங்கள் சொந்த ரன்னரிலேயே (அந்த வேலைகளை ஓட்டும் சர்வரிலேயே) ஓட்டுகிறோம். இவற்றை நிறுவுவது பெரிய வேலை அன்று. கருவி காட்டுகிற குறைகளுள் எது பில்டை நிறுத்த வேண்டும், எது வெறும் எச்சரிக்கையாக நிற்க வேண்டும் என்று பிரிப்பதுதான் வேலை.

வெளிச் சேவைகளைத் தவிர்ப்பது வீண் அச்சம் என்று சொல்வோருக்கு 2021இல், நிரலின் எவ்வளவு பகுதி சோதிக்கப்படுகிறது என்று அளக்கும் கோட்கோவ் நிறுவனத்துக்கு நேர்ந்ததை நினைவூட்டலாம். பல நிறுவனங்கள் தம் பைப்லைனில் ஓட்டிவந்த அதன் பதிவேற்ற ஸ்கிரிப்டை அந்த ஆண்டு ஜனவரி இறுதியில் யாரோ மாற்றிவிட்டார்கள். மாற்றப்பட்ட ஸ்கிரிப்ட், பில்ட் சூழலில் இருந்த கடவுச்சொற்களையும் டோக்கன்களையும் வேறொரு சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஏப்ரல் மாதம் ஒரு வாடிக்கையாளர் அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணை) ஒப்பிட்டுப் பார்த்து, அது பொருந்தவில்லை என்று சொன்ன பிறகே விஷயம் வெளிப்பட்டது. சோதனைக் கருவியும் பிறர் எழுதிய நிரல்தான் என்பதால், உள்ளூரில் ஓட்டுவது மட்டும் போதாது. கருவி பொதிந்துவரும் கன்டெய்னர் இமேஜை 'லேட்டஸ்ட்' என்ற டேகால் (மாற்றக்கூடிய பெயர்ச்சீட்டால்) குறிப்பிடாமல் அதன் டைஜஸ்ட்டால் (உள்ளடக்கத்தின் ஹாஷால்) குறிப்பிட்டு, எங்கள் உள் ரெஜிஸ்ட்ரியில் (இமேஜ் கிடங்கில்) படியெடுத்து வைத்துப் பயன்படுத்துகிறோம். 2025 மார்ச்சில் கிட்ஹப்பில் பரவலாகப் பயன்பட்ட, பைப்லைனில் சேர்க்கும் ஆயத்த நிரலான ஓர் ஆக்‌ஷனின் பழைய டேகுகளையே தீய கமிட் (பதிந்த நிரல் மாற்றம்) ஒன்றை நோக்கித் திருப்பிவிட்டார்கள் என்பதை அறிந்தவர் எவரும் டேகை நம்பமாட்டார்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது எக்சிட் கோட், அதாவது ஒரு கட்டளை முடியும்போது திருப்பித் தரும் எண். செம்கிரெப்பின் ஸ்கேன் கட்டளையும் ட்ரிவியும், எத்தனை குறைகளைக் கண்டாலும், நாம் தனியாகக் கேட்டுக்கொள்ளாதவரை சுழியத்தையே திருப்பித் தருகின்றன. பைப்லைனைப் பொறுத்தவரை சுழியம் என்றால் வெற்றி. கிட்லீக்ஸ் அப்படி இல்லை. ரகசியம் ஒன்று சிக்கினாலே 1 என்று திருப்பித் தந்து ஜாபை (பைப்லைனின் அந்த ஒரு வேலையை) தோல்வியாக்கிவிடும். ஆகவே மூன்று ஜாபுகளும் பச்சையாக (வெற்றி என்று) இருப்பதற்கு ஒரே பொருள் கிடையாது. ஒரு பொய்க் கடவுச்சொல்லையும், பழைய ஓட்டையுள்ள நூலகம் ஒன்றையும் சோதனைக் கிளையில் வேண்டுமென்றே சேர்த்து, பில்ட் உண்மையிலேயே சிவப்பாகிறதா என்று பார்த்த பிறகே ஒரு ஜாபை நம்பலாம் என்பது என் கருத்து.

ரகசியங்களைத் தேடும் சோதனையில் கிட் வரலாறுதான் (நிரல் மாற்றங்களின் முழுப் பதிவுதான்) சிக்கல். கிட்லேப் புதிய புராஜெக்ட்களில் இயல்பாகக் கடைசி 20 கமிட்களை மட்டுமே இறக்கித் தருகிறது. கிட்ஹப்பின் செக்அவுட் ஆக்‌ஷனோ ஒரே ஒரு கமிட்டைத்தான் தருகிறது. என்றோ சேர்த்து மறுநாளே அழித்த ஒரு ஏபிஐ சாவி (வேறொரு சேவையை அணுகும் ரகசியக் குறி), வரலாற்றில் அப்படியே இருக்க, மேலோட்டமான க்ளோனில் (கடைசிக் கமிட்களை மட்டும் இறக்கிய படியில்) மட்டும் கண்ணில் படாமல் போகும். அதனால் இறக்கும் ஆழத்தைச் சுழியமாக (அதாவது வரம்பின்றி) வைத்து முழு வரலாற்றையும் இரவில் ஒருமுறை சோதிக்கிறோம். மெர்ஜ் ரிக்வெஸ்டில் (ஒரு கிளையின் மாற்றங்களை முதன்மை நிரலில் சேர்க்கக் கோருவதில்) அதற்குரிய கமிட்கள் மட்டும் போதும். ரகசியத்தை மறைத்துக் காட்டும் 'ரிடாக்ட்' விருப்பத்தையும் சேர்க்க வேண்டும்; இல்லாவிட்டால், கண்டுபிடித்த சாவியைக் கருவியே பில்ட் லாகில் எழுதி, பார்க்கும் உரிமையுள்ள அனைவருக்கும் கொடுத்துவிடக்கூடும். சாவி சிக்கினால் முதல் வேலை அதைச் செல்லாததாக்குவது. வரலாற்றைத் திருத்தி எழுதுவது பிறகுதான், பல வேளைகளில் அது தேவையும் இல்லை.

நம் சொந்த நிரலை ஆராயும் செம்கிரெப்பில் வேறு வகைத் தொல்லை. பல ஆண்டுகளாக வளர்ந்த களஞ்சியத்தில் அதை முதன்முறை ஓட்டும்போது பழைய குறைகள் கொட்டும். அவற்றுக்காகவும் பில்டை நிறுத்தினால், ஒரு வரி திருத்த வந்தவர் யாரோ எப்போதோ எழுதியதற்குப் பொறுப்பேற்க நேரும், சில நாள்களில் குழுவே அந்த ஜாபை அணைத்துவிடும். மெர்ஜ் ரிக்வெஸ்ட் கிளைத்த இடத்திலுள்ள கமிட்டை ஒப்பீட்டுத் தளமாகக் கொடுத்தால், அதற்குப் பின் புதிதாக நுழைந்த குறைகளை மட்டுமே செம்கிரெப் காட்டும். அந்தக் கமிட்டும் க்ளோனில் இருந்தாக வேண்டும் என்பதால் இங்கும் ஆழத்தைக் கூட்ட நேர்கிறது. விதிகளை ஒவ்வொரு முறையும் இணையத்திலிருந்து இழுக்காமல், தேர்ந்தெடுத்த சிலவற்றைக் களஞ்சியத்திலேயே வைத்திருக்கிறோம். பயன்பாட்டுத் தகவல் அனுப்பும் வசதியையும் அணைத்துவிட்டோம். இலவசப் பதிப்பு ஒரு செயற்கூற்றின் (ஃபங்ஷனின்) எல்லைக்குள்தான் தரவின் ஓட்டத்தைப் பின்தொடரும் என்பதை மறக்கலாகாது. ஒரு கோப்பில் பெறப்பட்ட உள்ளீடு வேறொரு கோப்பில் தரவுத்தளத்துக்கான எஸ்க்யூஎல் வாக்கியமாக மாறினால், அதைப் பிடிக்கக் கோட் ரிவ்யூ செய்பவரின் கண்தான் வேண்டும்.

பிறருடைய நூலகங்களைச் சோதிக்கும் ட்ரிவி இவ்விரண்டிலிருந்தும் மாறுபட்டது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தின் ஓட்டை வெளியானபோது, பாதிக்கப்பட்ட நிரல்களில் அன்று யாரும் ஒரு வரியைக்கூட மாற்றியிருக்கவில்லை. கமிட் நடந்தால் மட்டுமே ஓடும் சோதனை அத்தகைய இடத்தில் உதவாது. எனவே இதையும் இரவில் தனியாக ஓட்டுகிறோம். பில்டை நிறுத்தும் உரிமையை, தீவிரம் மிக அதிகமாக இருந்து திருத்தமும் வெளியாகிவிட்ட ஓட்டைகளுக்கு மட்டுமே தந்திருக்கிறோம். திருத்தமே வராத ஒன்றுக்காக நிறுத்தினால் எழுதுபவரால் என்ன செய்ய முடியும்? விலக்கு அளிக்க வேண்டியவற்றைப் புறக்கணிப்புக் கோப்பில் எழுதும்போது காரணத்தையும் காலாவதித் தேதியையும் சேர்க்கிறோம். தேதி கடந்ததும் அதே ஓட்டை மறுபடி எழுந்து வந்து பதில் கேட்கும்.

ட்ரிவியின் ஓட்டைத் தரவுத்தளம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அதை ஒவ்வொரு ஜாபும் நேரே இறக்கினால் பொது ரெஜிஸ்ட்ரியின் பதிவிறக்க வரம்பில் முட்டிக்கொள்ள நேரும். 2024இன் பிற்பகுதியில் பலருடைய பில்டுகள் இதனாலேயே தோற்றன. தரவுத்தளத்தை உள் ரெஜிஸ்ட்ரிக்குப் படியெடுத்து, ஜாபுகளை அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் செய்வதே தீர்வு. ஆனால் படியெடுக்கும் வேலை எங்கோ நின்றுபோனால், பழைய பட்டியலை வைத்துக்கொண்டு சோதனை குறையே காணாமல் பச்சை காட்டிக்கொண்டிருக்கும். ட்ரிவியின் வெர்ஷன் கட்டளை தரவுத்தளம் எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதையும் சொல்வதால், அது இரண்டு நாளுக்கு மேல் பழையதாக இருந்தால் இரவு ஜாப் தோல்வியடையும்படி ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறோம். அந்த அறிவிப்பு நிரல் எழுதுபவர்களுக்குப் போகாது. ரெஜிஸ்ட்ரியைப் பராமரிப்பவருக்கு மட்டுமே போகும், எவருடைய மெர்ஜும் அதனால் தடைபடாது.