தினமும் காலையில் டிஸ்க் சோதனை: காரணத்தைத் தேடிய மூன்று வாரங்கள்

வேலூர் சத்துவாச்சாரியில் திருமணப் பத்திரிகைகளும் ரசீதுப் புத்தகங்களும் வடிவமைத்துத் தரும் என் கடையில், கடந்த கோடையில் ஒரு நாள் கணினியைப் போட்டதும் கருப்புத் திரையில், டி டிரைவைச் சோதிக்கப் போவதாகவும், வேண்டாமென்றால் சில வினாடிகளுக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தலாம் என்றும் வந்தது. புரூஃப் பார்க்க ஆட்கள் காத்திருப்பார்கள் என்பதால் பத்து நாட்கள் விசையை அழுத்தியே தாண்டிவந்தேன்.

அது தவறு என்று பின்னரே புரிந்தது. ஒரு டிரைவின் கோப்பு அமைப்பில் ஐயம் எழுந்தால் விண்டோஸ் அந்த டிரைவிலேயே 'டர்ட்டி பிட்' என்ற அடையாளத்தை இட்டுவைக்கிறது. செக்டிஸ்க் என்னும் விண்டோஸின் டிஸ்க் சோதனை முழுமையாக முடிந்தால்தான் அது நீங்கும் என்பதால், நான் தாண்டிய ஒவ்வொரு நாளும் மறுநாள் சோதனை காத்திருந்தது.

காட்பாடியில் கணினி பழுதுபார்க்கும் தம்பி ஒருவர், "செக்என்டிஎஃப்எஸ் கட்டளையில் ஸ்லாஷ் எக்ஸ் போட்டுவிடுங்கள் அண்ணே, அந்தத் திரையே வராது" என்றார். வராதுதான், ஆனால் அடையாளம் அப்படியே இருக்கும், சோதனை மட்டும் நிற்கும். ஆறு ஆண்டு வேலை முழுவதும் அந்த டிரைவில் இருக்கும்போது அதற்கு என் மனம் ஒப்பவில்லை. பழுதான டிஸ்க்கில் நீண்ட சோதனை ஓடினால் நிலைமை மோசமாகலாம் என்பதால், முதலில் எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுத்த பிறகே செக்டிஸ்க்கை, பிழைகளைத் திருத்தச் சொல்லும் ஸ்லாஷ் எஃப் உடன் இறுதிவரை ஓடவிட்டேன்.

இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் மீண்டும் அதே திரை. மதிய மின்வெட்டின்போது கணினி சட்டென்று அணைவதே காரணமாக இருக்கும் என்று யுபிஎஸ் பேட்டரியை மாற்றினேன். அதன் பிறகும் வந்தது.

அப்போதுதான் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில், டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பார்த்தேன். பழுதடைந்து மாற்றப்பட்ட செக்டர்களும் (டிஸ்க்கில் தரவு பதியும் சிறு பகுதிகள்), மாற்றத்துக்குக் காத்திருக்கும் செக்டர்களும் சுழியமாக இருந்தன. சிஆர்சி பிழை எண்ணிக்கை மட்டும் நாளுக்கு நாள் ஏறியது. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு போகும் வழியில் சிதைவதை அந்த எண் காட்டுகிறது என்பதால், பெரும்பாலும் கேபிளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கேபினெட்டைத் திறந்தேன். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சிவப்பு சாட்டா கேபிள் பக்கத் தகட்டில் இடிபட்டு மடிந்திருந்தது. அதன் முனையிலிருந்த சிறு உலோகப் பூட்டு உடைந்து, விரல் பட்டாலே இணைப்பு ஆடியது. புதுக் கேபிளை வாங்கி, மதர்போர்டின் வேறொரு போர்ட்டில் செருகி, கடைசியாக ஒரு முறை செக்டிஸ்க்கை முழுமையாக ஓட்டினேன்.

சிஆர்சி பிழை எண்ணிக்கை ஒருபோதும் குறைவதில்லை. ஏறாமல் நிற்பதையே பார்க்க வேண்டும். கேபிள் மாற்றிய நாளில் குறித்துவைத்த எண்ணே இன்று காலையிலும் இருந்தது.