வாடகை போக மிஞ்சுவது எவ்வளவு?

என்னோடு பணியாற்றும் இளம் ஆசிரியை ஒருவர், பெருநகரப் பள்ளி ஒன்றிலிருந்து வந்த பணி ஆணையைச் சென்ற வாரம் மகிழ்ச்சியோடு காட்டினார். வாழ்த்துச் சொல்வதற்கு முன்பே, "அங்கே வாடகை எவ்வளவு?" என்று கேட்டுவிட்டேன். அத்தகைய நகரம் ஒன்றில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவள் என்பதால், சம்பளத் தொகையை மட்டும் தனியே பார்க்க என்னால் முடிவதில்லை.

அன்று மாலையே ஒரு பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டோம். பிடித்தம் போகக் கைக்கு வருவதை மேலே எழுதி, வாடகையையும் பயணச் செலவையும் கழித்தோம். சம்பளம் கூடியிருந்தும், மாதக் கடைசியில் மிஞ்சும் தொகை இப்போது மிஞ்சுவதைவிடக் குறைவாகவே இருந்தது.

இங்கிலாந்தில் ஊர்களுக்கு இடையிலான இந்த வேறுபாட்டை ஊதிய விகிதத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். 2024 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, புதிதாகச் சேரும் ஆசிரியரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் லண்டனின் உட்பகுதியில் 38,766 பவுண்டாக இருந்தது. லண்டனும் அதன் சுற்றுப்புறமும் நீங்கலான பகுதிகளில் 31,650 பவுண்டாக இருந்தது. மாதத்துக்கு 593 பவுண்டு கூடுதல் என்பது வரிக்கு முந்தைய கணக்கு. லண்டனுக்கும் பிற பகுதிகளுக்கும் உள்ள சராசரி வாடகை வேறுபாட்டுக்கே அது போதவில்லை. ஆனாலும், எல்லா ஊருக்கும் ஒரே சம்பளம் என்பதைவிட இது நேர்மையான ஏற்பாடு என்றே கருதுகிறேன்.

சான் பிரான்சிஸ்கோவில் வேறு வழியை நாடினார்கள். அங்கே 2024இல் ஆசிரியர்களையும் பள்ளி ஊழியர்களையும் முன்னிட்டு 135 வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்று திறக்கப்பட்டது. இதை நான் மனமார வரவேற்கிறேன். எனினும், வேலையோடு பிணைந்த வீடு எதுவாயினும், வேலையை விட நேர்ந்தால் வீட்டையும் விட வேண்டியிருக்குமா என்பதை முதலிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

கணினித் துறையினரில் பலரால் வாடகை குறைந்த ஊரில் இருந்தபடியே நகரத்துச் சம்பளம் வாங்க முடிகிறது. ஆசிரியருக்கு அந்த வழி இல்லை. முதல் மணி அடிக்கும்போது பிள்ளைகளுக்கு முன்னால் அவர் நின்றாக வேண்டும். வாடகைக்கு அஞ்சி நகரத்தின் விளிம்புக்குப் போனால், அந்தக் கடனைப் பயண நேரமாகத் தீர்க்கிறோம். நான் ரயிலில் நோட்டுகளை மடியில் அடுக்கித் திருத்திய ஆண்டுகள் உண்டு. பெட்டி குலுங்கும்போதெல்லாம், சரி என்று போட்ட குறி அடுத்த வரியின் மீது நீண்ட கோடாக இழுத்துக்கொண்டு போய்விடும். விடையை அடித்துவிட்டேன் என்று எண்ணிய ஒரு சிறுமி, "இது தப்பா டீச்சர்?" என்று கலங்கிப்போய்க் கேட்டாள். அந்தச் செலவு எந்தச் சம்பளப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

வாடகைப் படியைக் கூட்டித் தர இயலுமா என்று கேட்டு அந்த ஆசிரியை பள்ளிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பதில் வந்த பிறகே ஆணையில் கையெழுத்திடுவதாகச் சொன்னார்.